என் பின்னாலேயே வந்த மாமனார்

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருந்துகொண்டு பக்கத்திலேயே ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து வந்தேன். அப்போது எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'பிரெஞ்சுப் பாப்பாவோட அப்பன்' என்பார்கள். சிலர் கேலியாகச் சொன்னார்கள், சிலர் வயிற்றெரிச்சலில் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் சந்தேகத்தோடு சொன்னார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் போகும்போது எங்கள் ஊரில் சில குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டன. ஒரே தெருவில் ஒரு வீடு இந்தியா, அடுத்த வீடு பிரான்ஸ். இரண்டு வீட்டிலும் அதே மீன் குழம்புதான் கொதிக்கும். ஆனால் பிரெஞ்சு வீட்டில் ஒரு பெண் பிறந்துவிட்டால் போதும், மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவளைக் கட்டினால் பிரான்சுக்குப் போய்விடலாம். அதனால் அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவன் எவனாக இருந்தாலும் ஊர் அவனை ஒரு மாதிரிதான் பார்க்கும்.

என் மனைவி தூரத்துச் சொந்தம். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். வியட்நாமில் சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது. கல்யாணமான புதிதில் என்னை வாய் நிறைய 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளையும் பிரெஞ்சுக் குடிமகளாகப் பதிந்தார்கள். அதற்குப் பிறகுதான் வினை. என் மச்சான் பிரான்சில் இருந்து தன் அக்காவையும் குடும்பத்தையும் வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மனைவிக்குப் போக ஆசை. எனக்கு இல்லை. பாஷை தெரியாத ஊரில் போய் நான் தட்டு கழுவ வேண்டும். இங்கே நின்றுபோன மிஷினை என் கை ஓட வைக்கும். வரமாட்டேன் என்று சொன்னேன். வேடிக்கை என்ன தெரியுமா? பிரான்சுக்கு வரமாட்டேன் என்று சண்டை போட்டவன் நான். ஊரோ நான் பிரான்சுக்குப் பறக்கத் துடிக்கிறேன் என்று பேசிக்கொண்டிருந்தது.

இரண்டு பேருக்குமே வாய் நீளம். அவளைக் கெட்டவள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நாள் வார்த்தை தடித்துப்போய், நாலு வயசுகூட நிறையாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ரயிலடிப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு என் குழந்தையை நான் பார்ப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. போனால் தூங்குது என்பார்கள். மறுபடி போனால் ஜுரம் என்பார்கள். சேர்த்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அம்மா வந்து சேர்த்தாங்க, அம்மாவே வரட்டும் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். பெற்ற குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் திருடன் மாதிரி நின்றேன். அன்றைக்குத்தான் கோர்ட்டுக்குப் போவது என்று முடிவு பண்ணினேன்.

வக்கீலிடம் போனால் அவரும் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பொட்டப் புள்ள, சின்ன வயசு, கோர்ட்டு அம்மாகிட்டதான் விடும், உனக்கு எதுக்குப்பா இந்த வேலை என்றார். கொஞ்சம் இழுத்து, பிரான்சு ஆசையா என்றும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"பொண்ணா பொறந்தா அப்பன் வேணாமா சார்? அவ எங்க வேணா இருக்கட்டும். எம் புள்ளைய நான் பாக்கணும். என்னைக் கேக்காம கப்பல் ஏத்தக்கூடாது. இத எழுதுங்க" என்றேன்.

எழுதினார். ஜட்ஜ் அய்யா ஒரு தற்காலிக உத்தரவு போட்டார். குழந்தை அம்மாவிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூட்டிப்போய் விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விட வேண்டும். கேஸ் முடிகிறவரை அவர்கள் குழந்தையை வெளிநாடு கொண்டுபோகக் கூடாது. நான் புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு பேருமே திருடுவோம் என்று கோர்ட்டே நினைத்தது போலிருந்தது.

நானும் அவர்களைச் சந்தேகப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிறு குழந்தை என் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு, போட்டோ புடிச்சாங்கப்பா, சிரிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிக்காத போட்டோ என்றால் பாஸ்போர்ட் போட்டோ. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரான்சில் இருக்கிற மச்சானுக்கு அனுப்ப எடுத்தது என்று பின்னால் சொன்னார்கள். இன்றைக்கும் எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது.

இப்போது மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் எங்கள் பின்னால் வந்தார். ஒளிந்து மறைந்தெல்லாம் இல்லை, பட்டப்பகலில், தொப்பி போட்டுக்கொண்டு. கடற்கரையில் நாங்கள் உட்கார்ந்தால் கொஞ்சம் தள்ளி அவர் உட்காருவார். பூங்காவுக்குப் போனால் எதிர் மரத்தடியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார். பக்கம் புரட்டவே மாட்டார். குழந்தை தாத்தா என்று கை ஆட்டும். அவர் தொப்பியை லேசாகத் தொடுவார், அவ்வளவுதான். கிட்டே வரமாட்டார். குழந்தை கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினால் ஒரே ஒரு கடலை எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் நேராகப் போய்க் கேட்டேன்.

"எதுக்கு மாமா இப்டிப் பின்னாடியே வர்றீங்க?"

"இது பொது ரோடு, மிசியே" என்றார்.

மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா மாதிரி. மரியாதையான சொல்தான். ஆனால் மாப்ள என்று கூப்பிட்ட வாய் மிசியே என்றால் அது செருப்பால் அடித்த மாதிரி.

எனக்கும் வீம்பு. ஒரு ஞாயிறு பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். காய்கறிக் கடை, பூக்கடை, மீன் அங்காடி என்று வளைந்து வளைந்து போய்ப் பின்பக்கச் சந்து வழியாக வெளியே வந்தேன். குழந்தைக்கு ஒரே குஷி, ஓடிப்பிடித்து விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டது. சந்து முனையில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். சைகோனில் எத்தனை பேரை இப்படி மடக்கினாரோ. எல்லை தாண்டுகிறேனா, பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகிறேனா என்று மோப்பம் பிடிக்கத்தான் வருகிறார், என்றைக்காவது கொக்கு மாதிரி கொத்துவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் ஜாக்கிரதையாக இருந்தேன். எதிலே ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமோ அதைக் கோட்டை விட்டேன்.

என் அக்காவைத் தவளக்குப்பம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. விவசாயக் குடும்பம். நல்ல கோடையில் ஒரு ஞாயிறு குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினாள். பஸ் ஏறினோம். மாமனாரும் முன்பக்கம் ஏறினார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், சாப்பிடச் சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கவில்லை. கையில் குடையும் ஒரு துணிப்பையுமாகத் தெரு முனையிலேயே நின்றார்.

மதியம் குழந்தையைக் குளிப்பாட்ட நிலத்துப் பம்புசெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தொட்டியில் தண்ணீர் கொட்டக் கொட்ட அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. கடல் அலையைக் கண்டால் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தை, அன்றைக்குத் தொட்டியை விட்டு ஏற மாட்டேன் என்றது.

அப்போது வரப்பு மேலே இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. பாண்டியில் இருந்து சாராயக் கேன் கடத்துகிறவர்களைப் பிடிக்க எல்லையில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பின்னாலேயே வந்து வரப்பில் குடையோடு நின்ற மாமனாரைப் பார்த்து, பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்தது ஒரு ரொட்டியும் வாழைப்பழமும். அவர்கள் தலையில் எங்கள் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பி இல்லாததைக் கவனித்துவிட்டு, நீங்க எந்த ஊர் போலீஸ் என்று மாமனார் விறைப்பாகக் கேட்டார்.

"பெருசு, நீ நிக்கிறதே தமிழ்நாடு. அந்த வாய்க்காலோட உங்க பாண்டி முடிஞ்சு போச்சு" என்றார் ஒரு போலீஸ்காரர்.

எங்கள் ஊர் எல்லை அப்படி. நேராக ஒரு கோடு கிடையாது. தையல்காரன் வெட்டிப்போட்ட துண்டு மாதிரி இங்கே கொஞ்சம் பாண்டி, அங்கே கொஞ்சம் தென்னாற்காடு. அக்கா வீடு பாண்டி, அவர்கள் பம்புசெட்டு தமிழ்நாடு. சோறு பாண்டியில, தண்ணி தமிழ்நாட்டுல என்று அத்தான் எப்போதும் கேலி பேசுவார். அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அக்கா கல்யாணத்தில் இருந்து தாண்டித் தாண்டி வந்த வாய்க்காலை எல்லை என்று யார் நினைப்பார்கள்? செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது என்றுதான் நான் மனசில் வைத்திருந்தேன். வாய்க்காலை அல்ல.

மாமனார் வாய்க்காலைப் பார்த்தார். தொட்டியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழந்தையை ஈரத்தோடு வாரிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்தேன். கூடவே, கொக்கு கொத்திவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது.

நினைத்தபடியே ஆயிற்று. சில நாளில் அவர்கள் வக்கீல் மனு போட்டார். நான் உத்தரவை மீறி எல்லையைத் தாண்டினேனாம், குழந்தையைக் கடத்த ஒத்திகை பார்த்தேனாம், ஆகவே ஞாயிற்றுக்கிழமையை ரத்து பண்ண வேண்டுமாம். அத்தான் பம்புசெட்டு பாண்டியில்தான் இருக்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார். வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டு அவரைத் தடுத்தார். கிழவரைச் சாட்சி போட்டிருக்கிறார்கள், அவர் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது, மனசைத் தயார் பண்ணிக்கோ என்றார். மனசை எப்படித் தயார் பண்ணுவது? வாரத்தில் ஆறு நாள் அந்த ஏழாவது நாளை நினைத்துத்தான் மில்லில் உயிரோடு இருந்தேன்.

விசாரணை அன்று முதலில் என் அக்கா ஏறினாள். என் தம்பி தங்கம், குழந்தைன்னா உயிர் என்று அழுதாள். மில்லில் கூட வேலை பார்க்கிற ஒருவரும் அப்படியே சொன்னார். ஜட்ஜ் அய்யாவின் பேனா நகரவில்லை. சொந்தக்காரனும் சிநேகிதனும் வேறு எப்படிச் சொல்வார்கள்?

பிறகு மாமனார் ஏறினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். குழந்தையை எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தீர்களா என்று அவர்கள் வக்கீல் கேட்டார். ஆமா என்றார். எந்த இடம் என்று கேட்டார். பம்புசெட்டு, தமிழ்நாடு என்றார். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வக்கீல் எழுந்து, அங்கே எல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். போலீஸ் சொன்ன பிறகுதான் தெரியும் என்றார் மாமனார். எல்லைக் கல்லு ஒன்றும் நடவில்லை, அந்த ஆளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கும், முகம் வெளுத்துப்போய் ஓடினார் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் நிமிர்ந்தேன். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

எதற்காக ஒவ்வொரு ஞாயிறும் பின்னால் போனீர்கள் என்று அடுத்த கேள்வி. நம்பிக்கை இல்லாமல்தான் என்றார். பிரான்சுக்குப் போகக் குழந்தையைப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன் என்றார். அதற்கு ஏற்ற மாதிரி ஏதாவது பார்த்தீர்களா? இல்லை. அப்படியென்றால் என்னதான் பார்த்தீர்கள் என்று என் வக்கீல் கேட்டார். எதிர் வக்கீல் ஆட்சேபித்தார். ஜட்ஜ் அய்யா கையைக் காட்டி, பெரியவர் சொல்லட்டும் என்றார்.

பட்டாளத்தில் மேலதிகாரியிடம் தகவல் சொல்கிற மாதிரி மாமனார் ஒவ்வொன்றாகச் சொன்னார். தலை கலைந்துவிட்டால் எனக்குப் பின்னத் தெரியாமல் பூக்காரம்மாவிடம் கெஞ்சிப் பின்னிவிடச் சொன்னது. ஒரு நாள் குழந்தைக்கு உடம்பு சுட்டதும், நாள் இன்னும் பாதி இருக்கும்போதே நானாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. பிறகு இதைச் சொன்னார்.

"பூங்காவுல ஒரு நாளு கொழந்த பாவாடையிலேயே ஒண்ணுக்குப் போயிடுச்சி. வூட்டுல அடிப்பாங்கன்னு அழுவுது. அந்த ஆளு சட்டையக் கழட்டிக் கொழந்தைக்குச் சுத்திட்டு, பாவாடையக் கொழாயில அலசிச் செடி மேல காயப் போட்டாரு. காயுற வரைக்கும் பனியனோட கத சொல்லிக்கினு உக்காந்திருந்தாரு. போற வர்றவங்க சிரிச்சாங்க. அவரு கண்டுக்கல. காஞ்ச பாவாடையப் போட்டுத்தான் வூட்டுக்கு இட்டாந்தாரு. வூட்டுல யாருக்கும் தெரியாது. நானும் சொல்லல."

அன்றைக்கு மாமனார் வரவில்லை, நிம்மதி என்று நான் நினைத்திருந்த நாள் அது. எங்கோ தள்ளி நின்றிருக்கிறார். சட்டை மடிப்புக் கலையாத அந்த மனிதர், நான் பனியனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். என் மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற பார்வை. அது எனக்கா, அவள் அப்பாவுக்கா என்று தெரியவில்லை.

அப்படியானால் இப்போது மருமகனை நம்புகிறீர்களா என்று ஜட்ஜ் அய்யாவே கேட்டார்.

"இல்லீங்க ஐயா. நான் நம்பல. கொழந்த நம்புது. நான் பாத்தது அதான்."

ஜட்ஜ் அய்யாவின் பேனா நகர்ந்தது. நான் அழுதேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் அப்போது தோன்றவில்லை.

வாய்க்காலைத் தாண்டக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே நின்றது. வெளியே வந்ததும் வேகமாகப் போய் அவர் காலைத் தொடக் குனிந்தேன். ஓரடி பின்னால் தள்ளி நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "எல்லையப் பாத்து நடங்க, மிசியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் பின்னால் வந்தார். மார்க்கெட்டுக்குள் நுழைந்து வளைவதை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

கேஸ் எண்பதுகளில்தான் முடிந்தது. குழந்தை அம்மாவிடமே. ஞாயிறும் லீவில் பாதியும் எனக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்பா என்று உள்ளே உட்காரவைத்தார்கள். நானும் மனைவியும் ஒன்று சேரவில்லை, ஆனால் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுகிற அளவுக்கு வந்தோம். மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு மாமனார் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் காலமாகும்வரை என்னை மாப்ள என்று கூப்பிடவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

என் மேல் பாசம் வைத்தவர்கள் எல்லாரும் எனக்காகச் சத்தியம் பண்ணினார்கள், அவர்களில் ஒருவர்கூட நானும் என் மகளும் தனியாக இருந்ததைப் பார்த்ததில்லை. பார்த்தவர் அவர் ஒருவர்தான். இப்போதும் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆனாலும், பார்க்கட்டும், கண்ணை எடுக்காமல் கடைசிவரைக்கும் பார்க்கட்டும் என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.